உப்புக் காத்துல வெனிலா: தங்கச்சிமடம் தோட்டத்துல கொடி ஏத்துன கதை

முதல்ல தண்ணிக் கணக்கச் சொல்லிடுறேன். ராமநாதபுரம் கடக்கரையில வெனிலா வருமான்னு யாரு கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், உங்க தோட்டத்துத் தண்ணி டிடிஎஸ் (ஒரு லிட்டர்ல எத்தன மில்லிகிராம் உப்பு கரைஞ்சு கெடக்குங்கிற கணக்கு) எம்புட்டு? வெயிலுக்கு வலை கட்டிரலாம், காத்துக்குத் தட்டி கட்டி மறிச்சிரலாம், தண்ணியில இருக்குற உப்ப மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. எங்க போர்த் தண்ணி மழை முடிஞ்ச கையோட 900 காட்டும், சித்திரையில பாத்தா 2000-த்தத் தாண்டி நிக்கும். எங்க ராமேஸ்வரம் தீவுல இருக்குறவங்களுக்கு இது தெரிஞ்ச சமாச்சாரம்தான், மணலுக்குள்ள மழைத்தண்ணி ஒரு தகடா மேல நிக்குது, அதுக்குக் கீழ பூராம் உப்புத்தண்ணி, மேல உள்ளத மோட்டார் போட்டு உறிய உறிய கீழ உள்ளது ஏறி வரும். மல்லிகையே சித்திரையில இலை ஓரம் கருகித்தான் நிக்கும், வெனிலா வேர் அந்த அளவுக்குக்கூடத் தாங்காது.

எங்க வீட்டுத் தொழில் மல்லிகைப் பதியன். தங்கச்சிமடத்து மல்லிகை நாத்து தமிழ்நாடு பூராம் போறது எல்லாருக்கும் தெரியும், மணல்ல கம்பு குத்தி வேர் விட வைக்கிறது இங்க சின்னப் புள்ளைக்கும் கை வந்த வேலை. வெனிலாவும் கம்பு வச்சுத்தான் வளக்குறாங்கன்னு கேள்விப்பட்டதும் அந்தத் தைரியத்துல இறங்குனதுதான். விதையில இருந்து வளக்கணும்னா லேப்புல வச்சுத்தான் முளைக்க வைக்கணும், ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், அதுக்குள்ள சாப்பாடே இருக்காது, மண்ணுல ஒரு பூஞ்சை கூட்டுச் சேந்தாத்தான் முளைக்கும். ஆமா, வெனிலா ஒரு ஆர்க்கிட். கல்யாண மண்டபத்துல ஊதாக் கலர்ல குத்தி வச்சிருப்பாங்களே அந்தக் குடும்பம். உலகத்துல இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல ஆர்க்கிட் வகை இருக்கு, சாப்பாட்டுக்குன்னு பெரிய அளவுல பயிர் பண்றது இது ஒண்ணத்தான்.

கம்பு பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பாக்குத் தோப்புல இருந்து வந்துச்சு. அங்கிட்டெல்லாம் 2000-ம் வருசத்துக்குப் பிறகு ஆளாளுக்கு வெனிலா போட்டு, விலை விழுந்ததும் அப்படியே போட்டுட்டுப் போனதுல, இன்னும் பாக்கு மரத்துல சும்மா ஏறிக் கெடக்குது (அந்தக் கதைய பின்னால சொல்றேன்). ஒரு மீட்டர் நீளத்துக்குக் குறையாத கம்பாக் கேட்டு வாங்கணும். சின்னத் துண்டும் வேர் விடும், ஆனா பூக்குறதுக்கு ஒரு வருசம் கூட ஆகும். வந்ததும் அடியில உள்ள மூணு நாலு இலையப் பறிச்சிட்டு நிழல்ல ஒரு வாரம் சும்மா தொங்க விடணும், வெட்டுவாய் காயணும், கம்பு லேசா வாடணும். மல்லிகைக் கம்ப வெட்டுன அன்னைக்கே குத்திப் பழகுன எங்க அப்பத்தாவுக்கு இது சுத்தமாப் பிடிக்கல. "ஏப்பு, காசு குடுத்து வாங்கிட்டு வந்து காயப் போடுறியே, கிறுக்கா ஒனக்கு?"ன்னு வாரம் பூராம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

இடம். வெனிலாவுக்குப் பாதி வெயில் பாதி நிழல் வேணும், காத்துல ஈரம் வேணும், வெக்கை 21-ல இருந்து 32 டிகிரி வரைக்கும் இருந்தா சொகம், வருசத்துக்கு 1500-ல இருந்து 3000 மில்லிமீட்டர் மழை வேணும்னு எல்லாக் கையேட்டுலயும் போட்டிருக்கும். நம்ம மாவட்டத்துக்கு வருச சராசரியே 800 சொச்சம் மில்லிமீட்டர்தான், அதுவும் பாதிக்கு மேல ஐப்பசியில இருந்து மார்கழிக்குள்ள கொட்டித் தீத்திரும். ஆனா ஒண்ணு, காத்து ஈரம் நம்ம பக்கம் தாராளம். பரமக்குடிப் பக்கம் உள்ளவங்க இத முயற்சி பண்ணுனா ஈரத்துக்கே தனியா ஃபாகர் மாட்டணும், நம்மளுக்குக் கடல் சும்மா குடுக்குது. கூடவே உப்பையும் குடுக்குதுங்கிறதுதான் தொல்லை.

அதனால கொட்டகைய வீட்டுக்குக் கிழக்கே போட்டோம், தெக்கையும் மேக்கையும் ஆள் உயரத்துக்கு மேல பனை ஓலைத் தட்டி. வைகாசியில கச்சான், அதான் தென்மேக்குக் காத்து, கிளம்புச்சுன்னா ஆவணி முடியுற வரைக்கும் மணலையும் உப்பையும் சேத்து அள்ளி வீசும், பச்சை வலை மட்டும் கட்டிப் பாத்தா அதுக்கு நடுவுலயே புகுந்து வருது, ஓலைத் தட்டிதான் நிக்குது. மேல 50 சதவீத நிழல் வலை ஒண்ணு நிரந்தரமா, மாசி கடைசியில இருந்து ஆவணி வரைக்கும் இன்னொரு வலை அதுக்கு மேல, மழைக் காலத்துல ரெண்டாவத எடுத்திரணும், இல்லைன்னா உள்ள இருட்டாகிக் கொடி நீளமா வெளிறிப் போய் நிக்கும். கொடி ஏற கேரளாவுல கிளைரிசிடியாவோ கல்யாண முருங்கையோ நட்டு விடுவாங்க. இங்க அதுக்கும் தண்ணி ஊத்த முடியாதுன்னு சவுக்குக் கம்பு நட்டு, ஆறடி உயரத்துக்குக் கயிறு சுத்தி, மேல குறுக்க ஒரு கம்பு கட்டியாச்சு.

தண்ணிக்கு மழைதான். தோட்டத்துல வேறயா நிக்கிற கொட்டகையோட தகரக் கூரை ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பெஞ்சா ஒரு லிட்டர், ஐப்பசியில இருந்து மார்கழிக்குள்ள 500 மில்லிமீட்டர் பெஞ்சாலே 20,000 லிட்டர் அந்தக் கூரையில இருந்து வழியுது, நம்ம அதப் பூராம் மணலுக்கு விட்டுட்டு மாசியில லாரித் தண்ணி வாங்குறோம். 5000 லிட்டர் டேங்க் ஒண்ணு வாங்கி வச்சு, முதல் மழையக் கழிச்சு விட்டுட்டு (கூரையில கச்சான் கொண்டு வந்த உப்பு படிஞ்சிருக்கும்), அப்புறம் பிடிக்கிறது. பன்னெண்டு கொடி, கொடிக்கு நாளைக்கு ஒரு லிட்டர், இலை மேல தெளிக்க மொத்தமா ஒரு அஞ்சு லிட்டர், தையில இருந்து புரட்டாசி வரைக்கும் 270 நாள்னு வச்சா 4590 லிட்டர். கணக்கு டேங்குக்குள்ள அடங்குது. பன்னெண்டு கொடிக்கு மேல வைக்காததுக்கும் அதுதான் காரணம். இன்னும் கொஞ்சம் வைக்கலாமேன்னு தோணும்போதெல்லாம் டேங்க்கப் பாத்துக்கிட்டா ஆசை அடங்கிரும்.

அடுத்தது மண்ணு, சொல்லப்போனா மண்ணே கெடையாது. வெனிலா வேர் ஆழமாப் போறதில்ல, மேல கெடக்குற மக்குன இலைக்குள்ளதான் படரும். தேங்கா மட்டைத் துண்டு, மக்குன இலை, கொஞ்சம் மண்புழு உரம், அம்புட்டுத்தான். உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்புல மட்டை வேணுங்கிற அளவு கெடைக்கும், ஆனா அத அப்படியே போட்டா உப்பு. தென்னை நிக்கிற மண்ணு உப்பு, ஊறப்போட்ட தண்ணி உப்பு, மட்டைக்குள்ள சோடியம் பொட்டாசியம் பூராம் ஏறியிருக்கும். ட்ரம்முல மழைத்தண்ணி ஊத்தி ஊற வச்சு வடிச்சு, வடிச்ச தண்ணியில மீட்டர் வச்சுப் பாத்து, திரும்ப ஊற வச்சு, 300-க்குக் கீழ வர்ற வரைக்கும் அலசணும். வெறும் தண்ணியில அலசுனா லேசா ஒட்டுன உப்பு மட்டும் போகும், நாரோட பிடிச்சு நிக்கிற சோடியம் போகாது, அதுக்கு ஒரு தடவ கால்சியம் நைட்ரேட் கரைசல்ல ஊற வச்சு அப்புறம் அலசணும். இந்த வேலையச் சுருக்குனா பின்னால இலை நுனி கருகும்போது தண்ணியக் குத்தம் சொல்லிக்கிட்டு இருப்போம்.

நடுறது இங்க மல்லிகைக்கு நேர் எதிர். கம்பக் குத்தக் கூடாது. இலை பறிச்ச அடிப்பாகத்த மட்டைத் துண்டு மேல படுக்க வச்சு, மேல லேசா மூடி, வெட்டுன நுனி மட்டும் வெளிய தெரியுற மாதிரி விடணும், அந்த நுனிய மூடுனா அழுகல் அங்கதான் தொடங்கும். மீதிக் கம்ப சவுக்குக் கம்போட வாழநாரு வச்சு லேசாக் கட்டணும். ஒரு மாசம் ஒண்ணரை மாசம் ஒண்ணுமே நடக்காது. அப்புறம் ஒவ்வொரு கணுவுல இருந்தும் ஒரு வெள்ளை வேர் வந்து கயித்தப் பிடிக்கும், அது பிடிச்சிருச்சுன்னா கொடி உங்களோடதுன்னு அர்த்தம்.

வளர்ச்சியப் பத்தி பெருசாச் சொல்ல ஒண்ணுமில்ல, மழைக் காலத்துல ஓடுது, கோடையில நிக்குது. தொல்லை ரெண்டுதான். ஒண்ணு நத்தை, அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தை, ஐப்பசி மழையில ராத்திரி ஏறி வந்து குருத்த மட்டும் மொட்டையடிச்சிட்டுப் போகும், டார்ச் வச்சுப் பொறுக்குறதத் தவிர நான் வேற மருந்து கண்டுபிடிக்கல. ரெண்டாவது வேரழுகல், ஃபுசேரியம்னு ஒரு பூஞ்சை, உலகம் பூராம் வெனிலாத் தோட்டத்த அழிக்கிற வியாதி இதுதான். கார்த்திகையில விடாம பெஞ்ச ஒரு அடைமழைக்குப் பிறகு ரெண்டு கொடி அடியில பழுப்பாகி இலை சுருங்க ஆரம்பிச்சிருச்சு. அடிய வெட்டி எறிஞ்சிட்டு, மேல பச்சையா நிக்கிற கொடியில ரெண்டு மூணு கணுவ எறக்கிப் புது மட்டை மேல படுக்க வச்சா அது திரும்ப வேர் விட்டுப் பொழச்சுக்கிருது. பதியன் போட்டுப் பழகுன கைக்கு இது லேசு. டிரைக்கோடெர்மாங்கிற நல்ல பூஞ்சைய எருவுல கலந்து மழைக்கு முன்னாடி போட்டு வைக்கிறதும் உண்டு, வந்த பிறகு போட்டுப் பிரயோசனமில்ல, வராம இருக்கத்தான் அது.

இப்ப பூக்க வைக்கிறது. வெனிலாவ அது இஷ்டத்துக்கு விட்டா மரத்து உச்சிக்குப் போயிக்கிட்டே இருக்கும், பூக்காது. ஆறடி ஏறுனதும் குறுக்குக் கம்புக்கு மேல மடிச்சுக் கீழ தொங்க விடணும், தொங்குற பாகத்துலதான் பூ. கார்த்திகைக் கடைசியில தொங்குற நுனிய நாலு விரக்கட கிள்ளி விட்டுட்டு, மழை நின்னதும் தண்ணியக் குறைச்சிரணும். கிள்ளுனதும் தண்ணியில்லாக் காய்ச்சலும் சேந்து கொடிய மிரட்டும், அது மொட்டு விடும். மழை ஓயாத ஊர்கள்ல இந்தக் காய்ச்சல் கெடைக்காமத் திண்டாடுறாங்க. நம்மூர்ல தையும் மாசியும் அத இலவசமாக் குடுக்குது, இந்தக் கரைக்கு வெனிலா விசயத்துல இருக்குற ஒரே பெரிய அனுகூலம் இதுதான்னு நான் நெனைக்கிறேன்.

மூணாவது வருசம் மாசியில இலைக்கணுவுல பச்சைக் கொத்தா மொட்டு வந்துச்சு, பங்குனியில பூ. ஒரு கொத்துல பதினஞ்சு இருவது மொட்டு இருக்கும், நாளைக்கு ஒண்ணு, மிஞ்சுனா ரெண்டு விரியும். வெள்ளன விரிஞ்சு வெயில் ஏறுனதும் தொங்கிரும், எங்க பக்கம் பத்து மணிக்கு மேல அதுல வேலையில்ல. அந்த நேரத்துக்குள்ள ஒவ்வொரு பூவுக்கும் நம்ம கையால கல்யாணம் பண்ணி வைக்கணும். தேனீ பண்ணாதான்னு எல்லாரும் கேப்பாங்க, பண்ணாது. பூவுக்குள்ள மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவுல ஒரு சவ்வு மூடி இருக்கு, அதத் தூக்கிட்டு உள்ள போற பூச்சி இதோட தாய் ஊரான மெக்சிக்கோவுலதான் இருக்கு, அதுவும் எந்தப் பூச்சின்னு இன்னும் பேச்சு ஓயல, கொடுக்கில்லாத மெலிப்போனா தேனீன்னு பழைய ஆளுங்க எழுதி வச்சாங்க, ஆர்க்கிட் தேனீயாத்தான் இருக்கும்னு இப்ப சொல்றாங்க.

இந்தச் சவ்வுனாலதான் முந்நூறு வருசம் உலகம் மெக்சிக்கோ கையப் பாத்து நின்னுச்சு. வெராகுரூஸ் கடக்கரையில தோத்தோனாக் சனங்க வளத்தது, அவங்கள ஜெயிச்ச ஆஸ்டெக் ராஜாங்க கப்பமா வாங்கிக் கக்காவோ பானத்துல போட்டுக் குடிச்சது, 1519-ல ஸ்பெயின்காரன் கொர்தேஸ் போய் எறங்குனதுக்குப் பிறகு ஐரோப்பாவுக்குப் போச்சு. அங்கயும் சாக்லேட்டுல போடுற சாமானாத்தான் ரொம்ப நாள் கெடந்துச்சு, 1602 வாக்குல இங்கிலாந்து எலிசபெத் ராணியோட மருந்துக்காரர் ஹியூ மார்கன்தான் இதத் தனியாவே போட்டுச் சாப்பிடலாமேன்னு சொன்னதாச் சொல்லுவாங்க. கொடியக் கண்ணாடி வீட்டுல வச்சு வளத்துப் பூவும் பாத்தாங்க, காய் மட்டும் வரல. 1836-ல பெல்ஜியத்துல லியேஜ் ஊருல சார்லஸ் மோரென்னு ஒரு தாவரவியல்காரர் கையால சேத்துக் காய்க்க வச்சாரு. ஆனா அவரு முறை மெதுவான முறை, தோட்டத்துக்கு ஒத்து வரல.

தோட்டத்துக்கு ஒத்து வந்தது ஒரு பன்னெண்டு வயசுப் பையன் கண்டுபிடிச்சது. இந்தியப் பெருங்கடல்ல இருக்குற ரெயூனியன் தீவு, அப்ப பூர்போன்னு பேரு, பிரெஞ்சுக்காரன் கையில இருந்துச்சு. 1820 வாக்குல கொடி வந்து எறங்கி, இருவது வருசம் சும்மா ஏறிக் கெடந்துச்சு. எட்மோன்னு ஒரு பையன், 1829-ல அடிமையாப் பொறந்தவன், பெத்த அன்னைக்கே அம்மா போயிருச்சு, பெல்லியே-போமோன்னு ஒரு தோட்டக்காரர் வீட்டுல வளந்தான். அவரு பையனுக்குத் தர்பூசணிப் பூவக் கையால சேக்குறது எப்படின்னு காட்டிக் குடுத்திருக்காரு. நம்ம வீட்டுல பூசணி பிஞ்சு நிக்கலைன்னா ஆம்பளப் பூவப் பறிச்சுப் பொம்பளப் பூவுல தேய்ப்பாங்களே, அதே வேலைதான். 1841-ல ஒரு நாள் தோட்டக்காரர் வந்து பாத்தா வெனிலாக் கொடியில ரெண்டு காய் தொங்குது. நான்தான் பண்ணுனேன்னு பையன் சொன்னத முதல்ல அவரே நம்பல, திரும்பப் பண்ணிக் காட்டச் சொல்லிப் பாத்துட்டு, அப்புறம் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அவன வண்டியில அனுப்பி மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்க வச்சாங்க. 1848-ல அந்தத் தீவு 50 கிலோ ஏத்துமதி பண்ணுச்சு, 1898-ல 200 டன். அந்த 1848-லயே அடிமை முறைய ஒழிச்சப்ப அவனுக்கு அல்பியுஸ்னு ஒரு குடும்பப் பேரு குடுத்து வெளிய விட்டாங்க, காசு ஒண்ணும் குடுக்கல. ரிஷார்னு ஒரு பேர்பெத்த தாவரவியல்காரர் இத நான்தான் முன்னாடியே சொல்லிக் குடுத்தேன்னு உரிமை கொண்டாடுனாரு, இல்ல, பையன்தான் கண்டுபிடிச்சான்னு அந்தத் தோட்டக்காரரே எழுதி வச்சதுனாலதான் நம்மளுக்குப் பேராவது தெரியுது. 1880-ல வறுமையிலதான் செத்தான் அந்த மனுசன். அடிமைங்க போன பிறகு அந்தத் தீவுக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏத்துனதுல பாதிக்கு மேல நம்ம தமிழ்ச் சனங்க, பாண்டிச்சேரி காரைக்கால் வழியாப் போனவங்க, இன்னைக்கும் அங்க காவடி எடுக்குறாங்க, தீ மிதிக்கிறாங்க.

எட்மோன் முறை இன்னைக்கு வரைக்கும் மாறல. மடகாஸ்கர்லயும் அதுதான், தங்கச்சிமடத்துலயும் அதுதான். எங்க வீட்டுல பண்றது இப்படி. தென்னை ஈர்க்குச்சியோட நுனியச் சீவி, கூர் இல்லாம மழுக்கி வச்சுக்கணும். இடது கையில பூவப் பின்னால இருந்து தாங்கிப் பிடிக்கணும், முன்னால குழல் மாதிரி இருக்குற இதழ ஈர்க்கால நீளவாக்குல கிழிச்சா உள்ள நிக்கிற தண்டு தெரியும். அது மேல மஞ்சளா மகரந்தக் கட்டி, கீழ பிசுபிசுப்பா சூல்முடி, நடுவுல அந்தச் சவ்வு. ஈர்க்க அடியில குடுத்துச் சவ்வ மேல நெம்பிப் பிடிச்சுக்கிட்டு, இடது கட்ட விரலால மகரந்தக் கட்டிய அப்படியே கீழ அமுக்கி ஒட்ட வச்சிட்டு ஈர்க்க உருவிரணும். படிக்கத்தான் நீளம், கை பழகுனா ஒரு பூவுக்கு அஞ்சாறு செகண்டு. எங்க வீட்டுல இதுல கெட்டிக்காரி எங்க மதினிதான், வெடியக்காலம் மல்லிகை மொட்டு எடுத்துப் பழகுன விரலு, எனக்கு ஒரு பூ முடியுறதுக்குள்ள அவுக மூணு முடிச்சிருவாக. மறுநாள் பூ கீழ விழுந்தா சேரல. ரெண்டு மூணு நாளாகியும் வாடிப்போய் ஒட்டிக்கிட்டே இருந்தா பிடிச்சிருச்சு.

எல்லாப் பூவையும் சேக்கக் கூடாது. கொத்துக்கு எட்டு, அதுலயும் கீழ்ப்பக்கம் பாத்து நிக்கிற பூவா, அப்பத்தான் காய் நேராத் தொங்கும். முதல் தடவ பூக்குற கொடின்னா அதுலயும் பாதி. காய் ஆறு வாரத்துல முழு நீளம் வந்துரும், ஒரு சாண் நீளத்துல முருங்கைப் பிஞ்சு கணக்காப் பச்சையாத் தொங்கும். சரி ஆச்சுன்னு பறிக்க முடியாது. முத்த ஒம்பது மாசம்.

அந்த ஒம்பது மாசத்துல நம்மளத் தேடி வர்றது காய விலை கேக்குற ஆளுங்கதான். ஏக்கர் கணக்குல போடலாமா, கிலோ எம்புட்டுப் போகும்னு. அவங்களுக்காகத்தான் பொள்ளாச்சிக் கதை. உலக வெனிலாவுல பெரும்பங்கு மடகாஸ்கர்ல, அதுவும் வடகிழக்கு மூலையில ஒரு பகுதியில வெளையுது. 2000-ல ஹூடான்னு ஒரு புயல் அங்க அடிச்சுது, கையிருப்பும் கொடியும் சேந்து போச்சு, ரெண்டு மூணு வருசத்துல பதப்படுத்துன காய் கிலோ 500 டாலருக்குப் போச்சு. கேரளாவுலயும் கர்நாடகாவுலயும் பச்சைக் காயே கிலோ 3000 ரூவாய்க்கு மேல, காபித் தோட்டத்துக்காரன் ராத்திரி காவல் போட்டான், ரப்பர் வெட்டிட்டு வெனிலா வச்சவங்க உண்டு, கம்பு வித்தே பணக்காரன் ஆனவங்களும் உண்டு. எல்லா நாட்டுலயும் வச்ச கொடி பூத்து வந்த நேரம், 2004-05-ல வெலை தலைகுப்புற விழுந்துச்சு, பறிக்கிற கூலிக்குக்கூடக் காணலைன்னு விட்டுட்டாங்க. திரும்ப 2017-ல எனாவோ புயல், திரும்ப 600 டாலர், வெள்ளிய விடக் கூடன்னு பேச்சு, திரும்ப விழுந்துச்சு. எங்கயோ ஒரு தீவுல அடிக்கிற காத்த நம்பி இங்க கடன் வாங்காதீங்கன்னு சொல்லி அனுப்பிருவேன், பாதிப் பேரு நான் தொழில் ரகசியத்த மறைக்கிறேன்னு நெனைச்சுக்கிட்டுப் போறாங்க.

இதுக்கெல்லாம் கீழ இன்னொண்ணு இருக்கு. கடையில விக்கிற வெனிலா எசன்ஸ்ல பெரும்பாலும் வெனிலாக் காய் கெடையாது. 1858-ல கோப்ளேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் காயில இருந்து வெனிலின்ங்கிற சரக்கத் தனியாப் பிரிச்சாரு, 1874-ல ஜெர்மனியில டீமானும் ஹார்மானும் ஊசியிலை மரத்துச் சாறுல கெடைக்கிற ஒரு பொருள வச்சு அதையே செஞ்சுட்டாங்க. உலகம் பூராம் ஐஸ்கிரீம், பிஸ்கெட்டுல மணக்குறது பெரும்பாலும் ஃபேக்டரிச் சரக்குதான். அத விட மலிவா நம்மளால ஒருநாளும் விக்க முடியாது.

பங்குனியில சேத்த காய் மார்கழியில முத்துது. இங்கதான் நம்ம கரைக்கும் வெனிலாவுக்கும் ஜாதகம் ஒத்து வரல, ஏன்னா காயப் பதப்படுத்த வெயில் வேணும், மார்கழியில வாடைக் காத்தும் தூறலும்தான் இருக்கும். நல்ல வேளையா எல்லாக் காயும் ஒரே நாள்ல முத்துறதில்ல. நுனி மஞ்சளானதப் பாத்துப் பாத்து ஒண்ணொண்ணாப் பறிக்கிறது, பச்சையாப் பறிச்சா மணம் வராது, விட்டுட்டா நுனியில வெடிச்சிரும். மார்கழி முதல்ல வந்த கொஞ்சம் காய் பூசணம் பிடிச்சுப் போச்சு. தை பொறந்த பிறகு பறிச்சதுதான் உருப்படியா வந்துச்சு, அதனால இப்ப பூவையே பங்குனி முதல்ல விரியுறத விட்டுட்டு பங்குனிக் கடைசியில விரியுறதுகள மட்டும் சேக்குறோம்.

பறிச்ச காயில மோந்து பாத்தா ஒரு மணமும் இருக்காது. வெனிலின் உள்ள சர்க்கரையோட கட்டுண்டு கெடக்கும், காயோட செல்லு உடைஞ்சு அதுக்குள்ள இருக்குற என்சைம் அந்தக் கட்ட அறுத்தாத்தான் மணம் வெளிய வரும். அதுக்குத்தான் இவ்வளவு பாடும். முதல்ல 63-ல இருந்து 65 டிகிரி சுடுதண்ணியில மூணு நிமிசம் முக்கணும். கொதிக்கிற தண்ணி ஆகாது, என்சைமும் செத்துப் போகும். தெர்மாமீட்டர் இல்லாம இதத் தொடாதீங்க. எடுத்து வடிச்ச சூட்டோட கம்பளியில சுத்திப் பெட்டிக்குள்ள போட்டு மூடணும், அங்க அது வேர்க்கும். மலைப் பக்கம் மரப்பெட்டி வைப்பாங்க, எங்களுக்கு மீன் பிடிக்கிற ஊர்ல தெர்மோகோல் பெட்டிக்கா பஞ்சம், ஐஸ் வைக்கிற பெட்டி, புதுசா மீன் வாடை படாததா ஒண்ணு வாங்கிக்கிட்டோம், சூடு நல்லா நிக்குது. மறுநாள் திறந்தா பச்சை போயி சாக்லேட் கலர்ல நிக்கும், லேசா முதல் மணம் வரும்.

அதுக்கப்புறம் தெனமும் வெயில்ல கறுப்புக் கம்பளி மேல பரப்பி ரெண்டு மூணு மணி நேரம், சூடு ஏறுனதும் அதே கம்பளியில சுத்தித் திரும்பப் பெட்டிக்குள்ள. ஒரு வாரம் பத்து நாள். எங்க காயப் போடணும்கிறது ஒரு தனிப் பஞ்சாயத்து, தைல வெயில் வந்ததும் தெரு பூராம் கருவாடு காயும், வெனிலாக் காய் பக்கத்துல உள்ள வாடைய உறிஞ்சிக்கிரும்னு சொல்லி மாடியில மேக்கு மூலையத் தேடிப் பிடிச்சோம், பக்கத்து வீட்டு அண்ணன் "நெத்திலி மணத்துல ஐஸ்கிரீம் போட்டா நல்லாத்தான விக்கும் மாப்ள"ன்னு இன்னும் கேலி பண்ணிக்கிட்டு இருக்காரு. காய் சுருங்கி விரல்ல சுத்துனா ஒடியாம வளையுற பதம் வந்ததும் நிழலுக்கு மாத்தணும். வீட்டுக்குள்ள காத்தோட்டமா வலைத் தட்டுல ஒரு ஒண்ணரை மாசம், தெனம் ஒரு தடவ விரலால நீவி விடணும், எண்ணெய் மேல வந்து மினுங்கும். பூசணம் வந்த காய அப்பவே எடுத்திரணும். கடைசியா பட்டர் பேப்பர்ல சுத்தித் தகர டப்பாவுல ரெண்டு மூணு மாசம். அப்பத்தான் உண்மையான மணமே ஊறுது. அஞ்சாறு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ தேறும்னு சொல்றது சரிதான். எங்களோடத நாடார் கடைத் தராசுல போட்டா முள்ளு அசையாது, அது வேற.

வந்த காயில ஒண்ணக் கீறி, உள்ள கறுப்பு மணல் மாதிரி இருக்குற விதையச் சொரண்டிப் பால்ல போட்டுக் காய்ச்சுனோம். எசன்ஸ் மணம் மூக்குல குத்தும், இது குத்தாது, பையக் கிளம்பும், உலர்ந்த திராட்சை வாடை கொஞ்சம், கருப்பட்டி வாடை கொஞ்சம், வெனிலின் ரெண்டு சதவீதந்தான், மீதி நூத்துக்கு மேல சாமான் சேந்து பண்ற வேலை. புள்ளைங்க ரெண்டும் குடிச்சுட்டு இது வெனிலா இல்லைன்னு சொல்லிருச்சுக. அவுகளுக்குத் தெரிஞ்ச வெனிலா பஸ் ஸ்டாண்டு கோன் ஐஸ்தான்.

கீழக்கரையில தொதல் போடுற லாத்தா ஒருத்தவுக, தேங்காப்பாலும் கருப்பட்டியும் சேந்த பண்டத்துக்கு இது ஒத்து வரும்னு எனக்கு ஒரு நெனப்பு, நாலு காய் குடுத்து ஒரு ஈடு போட்டுப் பாக்கச் சொன்னேன். போட்டுச் சாப்பிட்டுப் பாத்துட்டு, "மணம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா தொதலுக்கு ஏலக்காதான்"னு முடிச்சுட்டாக. காயத் திருப்பிக் குடுக்கும்போது எண்ணிப் பாத்தா ரெண்டுதான் இருந்துச்சு, மீதிய சேமியா பால்ல போடலாம்னு வச்சுக்கிட்டேன்னு சொன்னாக.